டகாயசு நோய் உள்ளவருக்கு அமியோடரோன்: தொடரலாமா, நிறுத்தலாமா?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவுக்கு 36 வயது. பெருந்தமனியும் அதிலிருந்து பிரியும் பெரிய குழாய்களும் அழற்சியால் தடித்துச் சுருங்கும் டகாயசு நோய் பல ஆண்டுகளாக இருக்கிறது. இடக்கையில் நாடி பிடிபடாது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 10 மி.கி., வாரம் ஒருமுறை எதிர்ப்பாற்றலை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி. என்று ஒருவழியாகக் கட்டுக்குள் இருந்தது. சென்ற மாதம் கழுத்தின் இடப்பக்கம் தொட்டாலே வலி, மாலையானால் காய்ச்சல். நோய் மறுபடி தலைதூக்கியிருக்கிறது என்று வாதநோய் மருத்துவர் மூன்று நாள் மெத்தில்பிரெட்னிசோலோன் ஏற்றினார்.

வீடு திரும்பிய சில நாளில் நள்ளிரவில் படபடப்பும் மூச்சுவாங்கலும். அவசரத்துக்கு அருகிலிருந்த வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இ.சி.ஜி. எடுத்துவிட்டு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏ.எஃப்.), அதாவது இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிக்கிறது என்றார்கள். துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் சொட்டாக ஏறியது. விடிவதற்குள் துடிப்பு சீராகிவிட்டது.

இப்போது கையில் இருக்கும் சீட்டு இது: அமியோடரோன் 200 மி.கி. முதல் வாரம் மூன்று வேளை, அடுத்த வாரம் இரண்டு வேளை, பிறகு ஒரு வேளை, “தொடரவும்”. இரத்தம் உறையாமலிருக்க அசெனோகூமரால். ஏற்கெனவே சாப்பிட்டுவந்த இரத்த அழுத்த மாத்திரையை, அழுத்தம் 84/50 தான் இருக்கிறது என்று நிறுத்திவிட்டார்கள். வாதநோய் மருத்துவர் வெளியூரில் இருக்கிறார். தொலைபேசியில் சொன்னபோது “அமியோடரோனா?” என்று இழுத்தார், வந்து பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். அந்த இழுப்பில் எனக்குத் தூக்கம் போயிற்று. இந்த நோய் உள்ளவர்கள் இந்த மருந்தைச் சாப்பிடலாமா?

நாடிபார்த்தவர்

தம்பி, முதலில் ஒரே ஒரு கேள்வி. அந்த 84/50 எந்தக் கையில் எடுத்தது?

பொருநைக்கரை

இடக்கையில்தான் ஐயா. வலக்கையில் ஊசி போட்டிருந்ததால் அந்தப் பக்கம் பட்டையைச் சுற்றவில்லை. நீங்கள் கேட்ட பிறகு வீட்டுக் கருவியை வைத்து வலக்கையில் பார்த்தேன்: 162/64.

நாடிபார்த்தவர்

நினைத்தேன். நான் இதய மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே எழுதுவது கருத்துதானே தவிர மருந்துச் சீட்டு அல்ல.

இந்த நோயில் இதயத் துடிப்பு மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பேச வேண்டியது இந்த எண்தான். இடக்கைக்குப் போகும் தமனி அடைபட்டிருக்கிறது. அங்கே பட்டை கட்டினால் அடைப்புக்கு அப்பால் கசிந்து வரும் அழுத்தம்தான் தெரியும். இதயம் எதிர்த்து வேலை செய்யும் அழுத்தம் வலக்கையில் இருப்பது. 84 என்று நம்பினால் என்னவாகும்? துடிப்போடு அழுத்தத்தையும் இறக்கும் மெட்டோப்ரோலால் கொடுக்கப் பயம், டில்டியாசெம் கொடுக்கப் பயம். அழுத்தத்தை அதிகம் இறக்காத ஒன்று வேண்டும் என்று கை அமியோடரோனுக்குப் போகும். அன்றிரவு இப்படித்தான் நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். எதிரே மூச்சுவாங்கும் நோயாளி, இதயம் எந்த நிலையில் இருக்கிறதென்று தெரியாது, அழுத்தம் குறைவு என்று கருவி சொல்கிறது; அந்த ஓர் இரவுக்கு அமியோடரோன் தவறான தேர்வு என்று சொல்ல மாட்டேன். சீட்டில் “தொடரவும்” என்று எழுதியதுதான் எனக்குச் சம்மதமில்லை.

அழுத்த மாத்திரையை நிறுத்தியது அதைவிட அவசரம். 162இல் அடித்துக்கொண்டிருந்தால் இடது மேலறை விரியும். விரிந்த மேலறையில் ஏ.எஃப். திரும்ப வரும். அதற்கு எந்தத் துடிப்பு மருந்தும் ஈடுகொடுக்காது. இரண்டு கை எண்களையும் இன்றே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள், நாளைக்கென்று வைக்காதீர்கள்.

பிறகு இவற்றை எழுதுங்கள்: எக்கோ அறிக்கையில் பெருந்தமனி வால்வு கசிகிறதா (162க்குக் கீழே 64 என்பது எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது), இடது மேலறையின் அளவு, பொட்டாசியம், தைராய்டு, சிறுநீரகத் தமனி சுருங்கியிருக்கிறதா.

மாத்திரை அட்டை

மருந்தாளுநர் பேசுகிறேன். ஐயா கேட்ட பட்டியலோடு இன்னொன்றும் வேண்டும்: அக்கா இப்போது விழுங்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் மேசையில் வைத்து, பின்பக்கத்தில் இருப்பதைப் பார்த்து எழுதுங்கள். “வாயுவுக்கு ஒன்று”, “சத்துக்கு ஒன்று” என்று எழுதினால் பயனில்லை.

பொருநைக்கரை

எக்கோ: பெருந்தமனி வால்வில் மிதமான கசிவு. இடது மேலறை 44 மி.மீ. இதயம் சுருங்கும் திறன் 52 சதவீதம். பொட்டாசியம் அவசரப் பிரிவில் எடுத்தபோது 3.1. தைராய்டு பார்த்ததாகத் தெரியவில்லை. பழைய சி.டி. அறிக்கையில் வலது சிறுநீரகத் தமனியில் சுருக்கம் என்று இருக்கிறது. அழுத்த மாத்திரையை எங்கள் மருத்துவர் தொலைபேசியிலேயே மறுபடி தொடங்கச் சொல்லிவிட்டார்.

அட்டைகள்: அமியோடரோன், அசெனோகூமரால் 2 மி.கி., பிரெட்னிசோலோன் 40 (நோய் கூடியதால் ஏற்றியிருக்கிறார்கள்), மெத்தோட்ரெக்சேட், ஃபோலிக் அமிலம், ஆம்லோடிபின், கால்சியம், பான்டோபிரசோலும் டாம்பெரிடோனும் சேர்ந்த கேப்சூல். சளிக்கென்று அவசரப் பிரிவில் லெவோஃப்ளாக்சாசின் ஐந்து நாளுக்குக் கொடுத்தார்கள். இரண்டு மீதி இருக்கிறது.

மாத்திரை அட்டை

அட்டையைக் கேட்டது வீண்போகவில்லை.

லெவோஃப்ளாக்சாசின் பற்றி உடனே மருத்துவரிடம் கேளுங்கள். அமியோடரோன் இ.சி.ஜி.யில் க்யூ.டி. என்ற இடைவெளியை நீட்டும். லெவோஃப்ளாக்சாசினும் நீட்டும். டாம்பெரிடோனும் நீட்டும். மூன்றும் சேர்ந்திருக்க, பொட்டாசியமும் 3.1 என்று குறைந்து கிடக்கிறது. கீழறையில் ஆபத்தான துடிப்பு கிளம்பிக் கண்ணிருட்டி விழுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டாம். போதாததற்கு, இந்தக் குடும்பத்து ஆன்டிபயாட்டிக்குகள் பெருந்தமனி விரிசலுக்கும் வீக்கத்துக்கும் இடம்கொடுக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018 டிசம்பரிலேயே எச்சரித்திருக்கிறது. தமனி ஏற்கெனவே பழுதானவர்களுக்கு வேறு வழி இல்லையென்றால் மட்டுமே கொடுக்கச் சொல்கிறது. நோயே பெருந்தமனியில் இருப்பவருக்குச் சளிக்கு இது எதற்கு?

டாம்பெரிடோன் கலந்த கேப்சூலை நம் ஊரில் மிட்டாய்போல் எழுதுகிறார்கள். வயிற்றைக் காக்க பான்டோபிரசோல் மட்டும் போதும். அதுவும் ஆண்டுக்கணக்கில் ஓடினால் மெக்னீசியத்தைக் குறைக்கும். ஒருமுறை அதையும் பார்க்கச் சொல்லுங்கள். மெக்னீசியம் ஏறாமல் பொட்டாசியம் ஏறாது.

அசெனோகூமரால்: அமியோடரோன் அதை உடைக்கும் நொதியை அமுக்கிவிடும். வார்ஃபரினாக இருந்தால் அளவை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறைக்க நேரும். இதுவும் அதே சாதிதான். இரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எப்போது பார்த்தீர்கள்?

செங்காந்தள்

வாதநோய் மருத்துவர். சென்னையில் பார்க்கிறேன். அக்காவின் மருத்துவர் ஏன் இழுத்தார் என்பதை என் பங்குக்கு ஊகிக்கிறேன்.

எந்தத் துடிப்பு மருந்து என்று எல்லோரும் கேட்கிறார்கள். துடிப்பு ஏன் கெட்டது என்ற கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. அந்த வாரத்தை வரிசையாகப் பாருங்கள். நோய் கிளர்ந்து இரத்தத்தில் அழற்சிப் பொருட்கள் உச்சத்தில் இருக்கின்றன. மேலே மூன்று நாள் மெத்தில்பிரெட்னிசோலோன். பொட்டாசியம் 3.1க்கு இறங்குகிறது. அழுத்தம் உயர்ந்தே இருக்கிறது. அதன்பின் ஏ.எஃப். ஸ்டீராய்டை அதிக அளவில் எடுப்பவர்களுக்கு ஏ.எஃப். வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வு 2006இல் காட்டியது. டென்மார்க்கின் மருத்துவப் பதிவேடுகளும் பிறகு அதையே சொல்லின. அங்கே “அதிக அளவு” என்பது பிரெட்னிசோலோன் கணக்கில் நாளுக்கு 7.5 மி.கி.யும் அதற்கு மேலும். நாங்கள் ஏற்றும் அளவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

ஆகவே காரணங்களை முதலில் அகற்றுங்கள். பொட்டாசியத்தை 4க்கு மேல் கொண்டுவாருங்கள், அழுத்தத்தைச் சரியான கையில் அளந்து இறக்குங்கள், அழற்சியை அடக்குங்கள். அதன்பிறகும் ஏ.எஃப். வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் 36 வயதுப் பெண்ணுக்கு ஆண்டுக்கணக்கில் அமியோடரோன் தேவையே இல்லை.

இன்னொரு பயம், மெத்தோட்ரெக்சேட். அதுவும் நுரையீரலில் அழற்சி உண்டாக்கும், அமியோடரோனும் உண்டாக்கும். நாளைக்கு இவருக்கு வறட்டு இருமலும் மூச்சுவாங்கலும் வந்தால் எதைக் குற்றம் சொல்வது? டகாயசு நோய் நுரையீரல் தமனியையும் பிடிக்கும். ஸ்டீராய்டால் தொற்றும் வரலாம். இதயமும் திணறலாம். ஐந்து வழக்கு, ஒரே அறிகுறி. கல்லீரலிலும் இதே கூட்டணிதான்.

நாடிபார்த்தவர்

டாக்டர் அம்மா சொல்வதில் பாதியை முழுமனதோடு ஏற்கிறேன். மீதிப் பாதியில் சண்டை உண்டு.

பொட்டாசியமும் ஸ்டீராய்டும் அன்றிரவுக் காரணங்கள். ஆனால் 44 மி.மீ. வரை விரிந்த மேலறை ஓர் இரவில் உண்டானதல்ல. வால்வு கசிகிறது, அழுத்தம் ஆண்டுக்கணக்கில் உயர்ந்திருக்கிறது. இவருக்கு ஏ.எஃப். மீண்டும் வரும் என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். “வராவிட்டால் பார்க்கலாம்” என்றால், வந்த அன்று மறுபடியும் யாரோ ஒரு பணி மருத்துவர் நள்ளிரவில் தேர்வு செய்வார்.

அமியோடரோனுக்கு மாற்று என்ன என்று பார்த்தால் கடை பெரிதாக இல்லை. ஃப்ளெக்கனைடு: கரோனரித் தமனி கெட்டவர்களுக்குக் கூடாது. மாரடைப்பு வந்தவர்களுக்கு அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்த ‘காஸ்ட்’ ஆய்வில், கொடுத்தவர்களில் சாவு கூடியதால் அந்தப் பகுதியை 1989இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். டகாயசு நோய் கரோனரித் தமனிகள் பெருந்தமனியிலிருந்து கிளம்பும் வாயையே நெருக்கக்கூடியது. அந்த வாய் திறந்திருக்கிறது என்று படம் பார்க்காமல் ஃப்ளெக்கனைடைத் தொடக் கூடாது. சோட்டலால்: சிறுநீரகம் வழியாக வெளியேறுவது, க்யூ.டி.யை நீட்டுவது. சிறுநீரகத் தமனி சுருங்கியிருக்கிறது, ஸ்டீராய்டு பொட்டாசியத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். வேண்டாம். டிகாக்சின்: அதே பொட்டாசியத் தகராறு, அமியோடரோன் உடலில் இருக்கும்போது டிகாக்சின் அளவைப் பாதியாக்க வேண்டும். நம் ஊரில் வாரத்தில் ஐந்து நாள் மட்டும் கொடுக்கும் பழக்கம் உண்டு என்றாலும், இவருக்கு அது முதல் தேர்வு அல்ல.

எஞ்சுவது மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர். அதிலும் ஒரு கொக்கி. வால்வு கசிபவர்களுக்குத் துடிப்பை மிகவும் மெதுவாக்கினால் இரண்டு துடிப்புக்கு நடுவே நேரம் நீளும். நீளும் நேரமெல்லாம் இரத்தம் பின்னோக்கிக் கசியும். ஆகவே 60க்கு இறக்கிவிட்டு மார்தட்டக் கூடாது. ஏ.எஃப். நீடிக்கும் நிலை வந்தாலும் ஓய்வில் 110க்குக் கீழே இருந்தால் போதும், கெடுபிடியாகக் குறைத்தவர்களைவிட இவர்கள் மோசமாகவில்லை என்று நெதர்லாந்தின் ‘ரேஸ் 2’ ஆய்வு 2010இல் காட்டிவிட்டது. இவரைப் போன்றவர்களை 80, 90இல் விட்டுவிடுவேன். கழுத்துத் தமனியும் நோயில் இருக்கிறது என்கிறீர்கள். அழுத்தத்தை ஒரேயடியாக இறக்கினால் மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்து மயங்கி விழுவார். அதைப் பார்ப்பவர் மறுபடியும் துடிப்புக் கோளாறு என்று இன்னொரு மாத்திரை எழுதுவார்.

வடதிசைத் தாதி

நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள், நோர்வேயில் வைத்தியசாலையொன்றின் வாதநோய்ப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். இங்கே டகாயசு மிகவும் அரிது. ஆனால் அதன் மூத்த சகோதரமான ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ், 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் பெருந்தமனியையும் நெற்றிப்பொட்டுத் தமனியையும் பிடிக்கும் நோய், உலகத்திலேயே ஸ்கன்டினேவிய நாடுகளில்தான் மிக அதிகம். அந்த வயதில் ஏ.எஃப்.பும் அதிகம். ஆகவே அமியோடரோனும் பிரெட்னிசோலோனும் ஒரே மருந்துப் பெட்டியில் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

எங்கள் பிரிவில் எல்லோரும் அஞ்சுவது கண்ணை. அந்த நோய் கண் நரம்புக்குப் போகும் இரத்தத்தை நிறுத்திப் பார்வையைப் பறிக்கும். அமியோடரோனும் சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்கும். நோயாளி “கண் மங்குகிறது” என்றால் இரண்டில் எது? வைத்தியர்கள் எங்களுக்குச் சொல்லித்தந்தது: திடீரென்று ஒரு கண், தலைவலி, மெல்லும்போது தாடை நோதல், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். உயர்வு என்றால் நோய்தான் என்று எடுத்துக்கொண்டு அன்றே ஸ்டீராய்டு. தமனித் துண்டின் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பதில்லை. மெல்ல மெல்ல, பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் என்றால் மருந்தையும் சந்தேகிக்க வேண்டும். விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்பது இன்னொன்று: அமியோடரோன் கருவிழியில் படிவது, அநேகமாக எல்லோருக்கும் உண்டாகும், பார்வையைக் கெடுப்பது அரிது. 1908இல் தன் பெயரிலுள்ள நோயை முதலில் எடுத்துச் சொன்ன மிக்கிட்டோ டகாயசுவும் கனசாவா நகரத்துக் கண் வைத்தியர்தான். அவர் கண்டதும் விழித்திரையில் மாலைபோல் சுற்றிக்கொண்ட குழாய்களைத்தான்.

தம்பி, அக்கா கைக்கடிகாரத்தில் துடிப்பு பார்க்கிறாவா? எந்தக் கையில்?

பொருநைக்கரை

இதைத்தான் கேட்க வந்தேன் அக்கா. இடக்கையில் கட்டியிருக்கிறாள். நேற்று 41 என்று காட்டியது, கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே காட்டவில்லை. பயந்துபோய் அன்றைய அமியோடரோனைச் சாப்பிடவில்லை.

வடதிசைத் தாதி

கடிகாரத்தின் பச்சை ஒளி தோலுக்குள் இரத்தம் வந்துபோவதைப் பார்த்து எண்ணுகிறது. நாடியே இல்லாத கையில் அது எதை எண்ணும்? விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்கும் இதே கதைதான். வலக்கைக்கு மாற்றச் சொல்லுங்கள். விரலை வைத்து இ.சி.ஜி. எடுக்கும் வசதி அந்தக் கடிகாரத்தில் இருந்தால் அது வேறு: அது மின்னோட்டத்தைப் பார்ப்பதால் அடைபட்ட கையிலும் வேலை செய்யும்.

சிலருக்கு இரண்டு கையிலும் நாடி இராது. அப்போது நாங்கள் தொடையில் அகலமான பட்டையைக் கட்டி முழங்காலுக்குப் பின்னால் கேட்போம். காலில் மேல் எண் கையைவிட 10, 20 கூட இருப்பது இயல்பு. ஆனால் வயிற்றுப் பெருந்தமனி சுருங்கியவர்களுக்குக் காலும் பொய் சொல்லும். துடிப்பை எண்ண மிக நம்பகமான வழி பழையதுதான்: ஸ்டெதாஸ்கோப்பை இடது மார்பின் கீழே வைத்து முழுதாக ஒரு நிமிடம். ஏ.எஃப்.பில் 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது சரிவராது.

மூலிகைப் பிரியன்

இத்தனை விஷத்தை ஒரு பெண்ணின் உடம்பில் கொட்டுகிறீர்களே! மருதம்பட்டைக் கஷாயம் இதயத்துக்கு உகந்தது என்று நம் முன்னோர் சொல்லியிருக்கிறார்கள். தொண்டைக்கும் சளிக்கும் அதிமதுரம். இரண்டும் பக்க விளைவு இல்லாதவை.

மாத்திரை அட்டை

அதிமதுரத்துக்குப் பக்க விளைவு இல்லை என்பதை மட்டும் விட்டுவிட முடியாது. அதிலுள்ள கிளிசிரைசின் சிறுநீரகத்தில் ஒரு நொதியைத் தடுத்து உப்பைத் தங்கவைக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும், இரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரெட்னிசோலோன் செய்வதையே இதுவும் கூடமாட நின்று செய்யும். அமியோடரோன் சாப்பிடுபவருக்குப் பொட்டாசியம் 3.1 இருக்கும்போது அதிமதுரக் கஷாயம் கொடுப்பது வினை. மருதம்பட்டையைப் பற்றி நான் வாதாடவில்லை. ஆனால் அசெனோகூமரால் சாப்பிடுபவர் புதிதாக எந்தப் பட்டையைத் தொடங்கினாலும் அந்த வாரம் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். பம்பளிமாஸ் பழமும் அமியோடரோனும் சேர வேண்டாம், அதன் உறவுப் பழமான கிரேப்ஃப்ரூட்டை மருந்துக் குறிப்பே விலக்குகிறது.

பொருநைக்கரை, தைராய்டு பரிசோதனையை மறக்காதீர்கள். ஒரு 200 மி.கி. அமியோடரோன் மாத்திரையில் சுமார் 75 மி.கி. அயோடின் இருக்கிறது. உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை 0.15 மி.கி. அதோடு இவருக்கு அவ்வப்போது சி.டி. ஆஞ்சியோ எடுக்கிறார்கள், அந்தச் சாயமும் அயோடின்தான்.

செங்காந்தள்

ஒன்று கேட்கலாமா? பொது இடத்தில் பதில் எழுத வேண்டாம், அக்காவிடம் மட்டும் கேளுங்கள். குழந்தைக்குத் திட்டம் உண்டா? மெத்தோட்ரெக்சேட், அசெனோகூமரால், அமியோடரோன் மூன்றுமே கருவுக்கு ஆகாதவை. மெத்தோட்ரெக்சேட்டை முன்கூட்டியே நிறுத்தி அசதயோப்ரினுக்கு மாறலாம், உறைவுத் தடுப்புக்கு ஹெபாரின் ஊசி உண்டு. அமியோடரோனை மட்டும் நிறுத்தியும் பல மாதம் காத்திருக்க வேண்டும். குழந்தையின் தைராய்டைப் பாதிக்கும். பீட்டா பிளாக்கரில் மெட்டோப்ரோலால் பரவாயில்லை, அட்டெனோலால் வேண்டாம். இந்த நோய் தாக்குவது பெரும்பாலும் 40 வயதுக்குள் இருக்கும் பெண்களை. அப்படியிருந்தும் இதயப் பிரிவில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பது என் நெடுநாள் கோபம்.

நாடிபார்த்தவர்

கோபம் நியாயம். நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் 60 வயதுக்காரர்களை. அந்தப் பழக்கத்திலேயே பேனா ஓடிவிடும்.

பொருநைக்கரை

அனைவருக்கும் நன்றி. நேற்று எங்கள் வாதநோய் மருத்துவரும் அவர் சொன்ன இதய மருத்துவரும் சேர்ந்து பார்த்தார்கள். லெவோஃப்ளாக்சாசினும் டாம்பெரிடோனும் நின்றன. பொட்டாசியம் இப்போது 4.2. தைராய்டு இயல்பு. ஐ.என்.ஆர். 4.6 என்று அதிகமாக ஏறிவிட்டது, இரண்டு நாள் அசெனோகூமராலை நிறுத்தி, பாதி அளவில் தொடங்கச் சொன்னார்கள். உடம்பில் மாட்டி நாள் முழுதும் இ.சி.ஜி. பதியும் ஹோல்டர் கருவியில் 24 மணி நேரமும் சீரான துடிப்பு. அமியோடரோனை நிறுத்திவிட்டு மெட்டோப்ரோலால் சிறிய அளவில் கொடுத்திருக்கிறார்கள். க்யூ.டி. இடைவெளி இன்னும் சற்று நீளம் என்பதால் இ.சி.ஜி.யைத் திரும்ப எடுக்க வேண்டும்.

நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் போதவில்லை, டோசிலிசுமாப் என்ற ஊசியை வாரம் ஒருமுறை போடலாம் என்கிறார்கள். அதற்கும் துடிப்புக்கும் ஏதாவது உண்டா? அமியோடரோன் நின்றுவிட்டபடியால் ஐ.என்.ஆர். இனி மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்தானே?

செங்காந்தள்

டோசிலிசுமாப் நல்ல யோசனை. இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் பொருளைத் தடுப்பது. ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸுக்கு அமெரிக்காவில் 2017இல் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு ஜப்பானில் டகாயசு நோய்க்கும் சேர்த்தே கொடுத்தார்கள். ஸ்டீராய்டைக் குறைக்க வழி கிடைக்கும், அதனால் பொட்டாசியமும் நிலைக்கும். இன்டர்லூகின்-6 தானே க்யூ.டி.யை நீட்டக்கூடியது; முடக்குவாதக்காரர்களுக்கு இந்த ஊசியைப் போட்டபோது க்யூ.டி. குறைந்ததை இத்தாலியர் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகத் துடிப்புக்கு இது பகையல்ல.

ஒரு தொல்லை உண்டு. இந்த ஊசி போட்டபின், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. கிட்டத்தட்ட எப்போதும் இயல்பாகவே வரும், நோய் உள்ளே கனன்றாலும். கழுத்து வலித்தால் “சி.ஆர்.பி. சரியாக இருக்கிறதே” என்று யாராவது சொன்னால் திருப்தி அடைய வேண்டாம். நாடி, இரண்டு கை அழுத்த வித்தியாசம், தமனியில் கேட்கும் இரைச்சல் ஆகியவற்றை வைத்து மதிப்பெண் போடும் முறையை இந்திய வாதநோய் மருத்துவர்களே 2010இல் வகுத்திருக்கிறார்கள்; உங்கள் மருத்துவர் அதைத்தான் பயன்படுத்துவார்.

மாத்திரை அட்டை

மாதம் ஒருமுறை போதாது. அமியோடரோனைச் சீட்டிலிருந்துதான் நீக்கியிருக்கிறார்கள், உடம்பிலிருந்து நீங்கவில்லை. கொழுப்பிலும் கல்லீரலிலும் நுரையீரலிலும் குடியேறி, காலி செய்யச் சொன்னாலும் பெட்டியைக் கட்டாத குடித்தனக்காரர் அது. நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு அளவு பாதியாகக் குறையவே சராசரி இரண்டு மாதம் ஆகும். அக்கா சில வாரமே சாப்பிட்டதால் சீக்கிரம் போகலாம், ஆனாலும் நாளை மறுநாள் போய்விடாது. அது விலக விலக, அமுங்கியிருந்த நொதி எழும். எழும்போது அசெனோகூமரால் வேகமாக உடையும். இப்போது பாதி அளவில் சரியாக இருக்கும் ஐ.என்.ஆர். இறங்கிக்கொண்டே போகும்.

டோசிலிசுமாப்பும் அதே திசையில் தள்ளும். உடம்பில் அழற்சி இருக்கும்வரை இன்டர்லூகின்-6 கல்லீரல் நொதிகளை அமுக்கி வைக்கும். ஊசி அதைத் தடுத்ததும் நொதிகள் மறுபடி விழிக்கும். வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்குக் கண்காணிப்பு வேண்டும் என்று டோசிலிசுமாப்பின் மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால், அசெனோகூமரால் போதாமல் மேலறையில் இரத்தக்கட்டி உண்டாகி மூளைக்குப் போகும் ஆபத்து அந்த வாரங்களில்தான். முதல் இரண்டு, மூன்று மாதமாவது வாரம் ஒருமுறை ஐ.என்.ஆர். பார்க்க முடியுமா என்று கேளுங்கள். அது சிரமம் என்றால், ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத அபிக்சபான் போன்றவை இவருக்குப் பொருந்துமா என்று இதய மருத்துவரிடம் கேட்கலாம். பெருந்தமனி வால்வுக் கசிவு அதற்குத் தடையல்ல. நாளைக்கு வால்வை மாற்றி உலோக வால்வு வைத்தால் மட்டும் பழைய மருந்துக்கே திரும்ப வேண்டும்.

ஐ.என்.ஆர். எழுதும் நோட்டில் அமியோடரோனை நிறுத்திய தேதியையும் முதல் ஊசி போட்ட தேதியையும் அதே பக்கத்தில் எழுதிவையுங்கள். அந்த இரண்டு தேதியும் கண்ணில் படாவிட்டால், எண் ஏன் இறங்குகிறது என்று புரியாமல், அக்கா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்றுதான் சொல்வார்கள்.